இரட்டை எழுத்து, கடிபட்ட விளிம்பு, சந்தேக வெள்ளி டாலர்: அச்சடிப்புப் பிழையா, அடிபட்டதா, போலியா?

பிறைக்காசு கேட்கிறார்:

பழைய தொகுப்பு ஒன்று மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. நான்கு காசுகளில் சந்தேகம்.

ஒன்று, செம்புக் காசு. ஆண்டு எண்கள் நான்கும் இரட்டையாகத் தெரிகின்றன. இரண்டாவதில் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு துண்டைக் காணோம். மூன்றாவதில் ஒரு பக்கம் சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. நான்காவது 1889 மார்கன் டாலர், அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசு. அந்த வயதுக்குப் பளபளப்பு கொஞ்சம் அதிகம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பும் (கைக்கண்ணாடி), 0.01 கிராம் வரை காட்டும் தராசும் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

அச்சுமுனை:

முதலில் தராசு, அப்புறம்தான் லூப். எடை சரியாக இருந்தால் பாதிக் கேள்விகள் உதிர்ந்துவிடும். அமிலத்தில் ஊறவைத்த காசை ‘மெல்லிய தகட்டில் அடித்தது’ என்று விற்பார்கள். அதில் எடையோடு விட்டமும் குறைந்திருக்கும், எழுத்தும் விளிம்பும் ஒரே சீராகக் கரைந்து வழவழவென்று இருக்கும்.

லூப்பில் பார்க்கும்போது மேடா பள்ளமா என்பதைக் கவனியுங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் புகும், காசில் மெல்லிய மேட்டுக் கோடாக எழும். அது டை கிராக். காசில் பின்னால் விழுந்த கீறலோ பள்ளம். ஒதுங்கிய உலோகம் அதன் இரு கரையிலும் வரப்புபோல நிற்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அடிக்கும்போது நூலோ எண்ணெய்ப் பிசுக்கோ இடையில் சிக்கினாலும் பள்ளம்தான் வரும். ஆனால் அதன் ஓரம் மழுங்கலாக இருக்கும், வரப்பு இருக்காது.

இனி உங்கள் செம்புக் காசு. டபுள் டை என்பது அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் விலகி இரண்டு முறை பதிந்தது. இரண்டாவது உருவமும் உருண்டு திரண்டு நிற்கும், எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும், கால்களின் முனையில் சிறு பிளவு தெரியும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் இதற்குப் பேர்போனது. அதன் நல்ல படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். மெஷின் டபுளிங்கில் நடப்பது வேறு: தளர்ந்த அச்சு அடியின் கடைசிக் கணத்தில் அசைந்து, அப்போதுதான் எழுந்த எண்ணின் ஓரத்தை அமுக்கிவிடுகிறது. அதனால் தாழ்ந்த, தட்டையான, பளிச்சென்ற ஒரு படி தெரியும்; எண்ணின் தலைப்பகுதி மெலிந்துவிடும். ஒரே வரியில் சொன்னால், தடித்தால் டபுள் டை, மெலிந்தால் மெஷின். ‘இரட்டை’ என்று வரும் காசுகளில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம்தான், அதற்குத் தனி மதிப்பில்லை.

யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பின் வளைய விளக்கை நம்பாதீர்கள். எல்லாப் பக்கமும் ஒளி விழுவதால் சாதாரண எழுத்தின் சரிவுகூட இரட்டிப்பாகத் தெரியும். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒளி மாறும்போது மறைகிற இரட்டிப்பு இரட்டிப்பே அல்ல.

உலோகப்பித்து:

பிறைக்கு: தகட்டிலிருந்து வில்லை (உருவம் அடிக்காத வெற்று வட்டத் துண்டு) வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் மறுவெட்டு விழுந்தால் இப்படி வரும். இதைக் கிளிப் என்பார்கள். பிறைக்கு நேர் எதிரே விளிம்பைப் பாருங்கள். வில்லைக்கு விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில், துண்டில்லாத இடம் உள்ளே வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அதனால் அங்கே விளிம்பு மங்கியிருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்பது இதுதான். இருந்தால் பலமான சாட்சி. இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது, உண்மையான சில கிளிப்களிலும் அது தெரிவதில்லை. பிறையை ஒட்டிய எழுத்துகளையும் பாருங்கள்: உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியதால் அவை இழுபட்டு மங்கும். எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல முழு உயரத்தில் சட்டென்று முடிந்தாலோ, வெட்டுமுகத்தில் அரத்தின் கோடுகள் தெரிந்தாலோ, அது பின்னால் யாரோ வெட்டியெடுத்தது.

மூன்றாவது காசு அநேகமாக வேறொரு காசோடு சேர்த்து வைஸில் (பட்டறையின் இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து நசுக்கியது. உண்மையான பிராக்கேஜ், முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிவதால் வருவது. அது பதிந்த இடத்தில் வேறு உருவம் எதுவும் எழுந்திருக்காது, மறுபக்கம் வழக்கம்போல முழுமையாக இருக்கும். நீங்கள் ‘சில எழுத்துகள்’ என்கிறீர்கள். சொந்த உருவம் அடியில் கிடக்க, அதன்மேல் வேற்று எழுத்துகள் பதிந்து, பின்பக்கமும் அதே இடத்தில் சப்பையாகியிருந்தால் விசாரணை முடிந்தது.

நீர்த்தராசு:

மார்கனுக்கு அளவுகள்: 26.73 கிராம், 38.1 மிமீ, 90% வெள்ளி, 10% செம்பு. எடையைச் சரியாகக் கொண்டுவரும் போலிகள் உண்டு; அடர்த்தியில்தான் அவை மாட்டும்.

1. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள்.
2. காசை மெல்லிய நூலில் கட்டி முழுக்க மூழ்கவிடுங்கள். அடியிலோ சுவரிலோ தொடக் கூடாது.
3. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அசைத்து விடுங்கள். குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், நல்ல காசைப் போலி என்று நினைக்க வைத்துவிடும்.
4. உலர் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள்.

மார்கனுக்குத் தராசு ஏறத்தாழ 2.59 காட்ட வேண்டும், அடர்த்தி 10.3. செம்பு-நிக்கல் என்றால் 3.0 பக்கம் வரும்.

காந்தத்தில் ஒட்டினால் கதை அங்கேயே முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, பித்தளையும் ஒட்டாது. சாய்த்த காசில் நியோடிமியம் காந்தம் மெதுவாக வழுக்குவதை வெள்ளிக்குச் சாட்சியாகச் சொல்வார்கள். செம்பிலும் அது மெதுவாகத்தான் வழுக்கும்.

பிறைக்காசு:

மார்கன் உலர் எடை 26.71. நீரில் 3.01. காந்தம் ஒட்டவில்லை. செம்புக் காசில் எண்களின் ஓரத்தில் தட்டையான படிதான், எண் மெலிந்திருக்கிறது. மூன்றாவதில் பின்பக்கம் சப்பைதான். பிறைக்கு எதிரே விளிம்பு மங்கல்.

நீர்த்தராசு:

26.71 / 3.01 = 8.87. வெள்ளி அல்ல, செம்பு-நிக்கல் ரகம். சந்தேகம் தீரக் குமிழியைப் பார்த்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள். சுரண்டியோ அமிலம் விட்டோ சோதிக்க வேண்டாம். போலி என்று எழுதித் தனி உறையில் போடுங்கள், மற்றவற்றோடு கலக்க வேண்டாம்.

உலோகப்பித்து:

பிறைக் காசு நம்பிக்கை தருகிறது. எடையையும் வெட்டுமுகத்தின் பக்கவாட்டுப் படத்தையும் போடுங்கள். அதுவரை துடைக்காதீர்கள். பிசுக்கு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் முக்கி எடுத்துத் தானாக உலரவிடலாம். நகப்பூச்சு அழிப்பான் ஆகாது, அதில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதென்றால் இன்றே மாற்றுங்கள், நாளாவட்டத்தில் பச்சைப் பிசின் கசிந்து உலோகத்தை அரிக்கும்.