கடலே இல்லாத ஊரில் முக்குளிக்கும் கடிகாரம்

நொய்யல்கரையான்:
கோவையில் தெரிந்தவர் ஒருவர் தம் ரோலக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரத்தை விற்கிறார், கடலில் மூழ்குவோருக்கென்று செய்தது. 16610 மாடல். விளிம்பு வளையத்தின் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவருகிறது. வாங்கலாமா?

நூல்கண்டு, திருப்பூர்:
300 மீட்டர், அதாவது ஆயிரம் அடி ஆழம் தாங்குமாம். நம் பக்கம் ஆயிரம் அடிக்கு இறங்குவது போர்வெல் குழாய் மட்டும்தான். அந்தப் பணத்துக்கு ஒரு வரிசை முழுக்கத் தையல் மெஷின் வாங்கிப் போடுங்கள்.

காங்கேயத்தான்:
நூல்கண்டு அண்ணா, கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்துத்தானே காளை வாங்குகிறோம்? புதுக் கடிகாரத்தில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது? பழையதில்தான் கண்ணுக்கு வேலை. 2010-இல் இதற்கு அடுத்து வந்த மாடலில் பீங்கான் வளையம் வந்துவிட்டது, அது வெளுக்காது. அதற்கு முந்தைய அலுமினியம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளுக்கும். 1990களின் பிற்பகுதி வரை முகப்புப் புள்ளிகளில் இருட்டில் ஒளிர டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சைப் பூசினார்கள். சுமார் 12 ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இன்று இருட்டில் ஒளிராது. பகலில் உருக்கிய நெய்யின் நிறம். அந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் ஏங்குகிறார்கள்.

நூல்கண்டு, திருப்பூர்:
ஒளிராத புள்ளிக்குக் கூடுதல் விலையா! சாயம் மங்கிய பனியனை நான் செகண்ட்ஸ் என்று கிலோ கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

காங்கேயத்தான்:
சிரித்துவிட்டேன், அண்ணா. ஆனால் மூழ்கிய நேரத்தை அளக்கத் திருப்பிவைக்கும் அந்த விளிம்பு வளையம் ஒரு பக்கம் மட்டுமே சுழலும், கவனித்திருக்கிறீர்களா? எங்காவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். மூழ்கியவர் காற்று தீருமுன் மேலே வந்துவிடுவார். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் என் முறைத் தண்ணீர் நேரத்தை என் கடிகாரத்தின் வளையத்தை வைத்துத்தான் அளக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து மாமாவோடு சண்டை குறைந்திருக்கிறது.

பவானிக்கூடல்:
நான் சூடுபட்டவன். வாங்கிய பழைய கடிகாரத்துக்கு விற்றவர் பளபளவென்று பாலீஷ் போட்டிருந்தார். பட்டை கோக்கும் இடத்தின் கூர்விளிம்புகள் மழுங்கிப்போயிருந்தன. திரும்ப விற்கப் போனபோது முதலில் அங்கேதான் விரலை வைத்துப் பார்த்தார்கள்; விலை இறங்கிவிட்டது. உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் இறுகிப்போய், ஒருநாள் கை கழுவியதற்கே கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. முகப்பில் எழுதியிருக்கும் 300 மீட்டரை நம்பிக் கிணற்றில் குதித்துவிடாதீர்கள். முதலில் நீரழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

நொய்யல்கரையான்:
பாலீஷ் போட்டதா என்று இப்போதுதான் கேட்டேன். “மகன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை” என்கிறார். என்ன செய்யட்டும்?

நூல்கண்டு, திருப்பூர்:
தையல் மெஷின்.