பழைய தமிழ்ப் பட நடிகர் டி. எஸ். பாலையா உங்களுக்கு எந்த வேடத்தில் அறிமுகமானார்?

திருச்சி வாசகர்:
எனக்குக் ‘காதலிக்க நேரமில்லை’ விஸ்வநாதனாக. தூர்தர்ஷனில் போட்டார்கள். நாகேஷ் திகில் கதை சொல்லும் இடத்தில் வீடே உருண்டு சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “இவனை நம்பக் கூடாது” என்றார். 1937இல் வந்த ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்ரசேனனாக நின்ற பாலையாவைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். முதல் படமான ‘சதி லீலாவதி’யிலேயே (1936) பாலையா வில்லன்தான். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். இத்தனை ஆண்டுக் கோபத்தை ஒரு சிரிப்புப் படம் போக்கிவிடுமா என்ன?

பிறகு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேச்செல்லாம் நாகேஷுடையது. பாலையா கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் நாகேஷ் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண்ணும் கன்னமும் தனித்தனியாகப் பயப்படுகின்றன. அவர் பயப்படாமல் போயிருந்தால் அந்தக் கதையில் திகிலுக்கு என்ன இருக்கிறது? எதிரில் இருப்பவரைக் கேட்பதில்தான் பாலையாவின் நடிப்பே இருக்கிறது என்பது என் கட்சி.

தஞ்சை வாசகர்:
எங்கள் வீடு தவில் வீடு. பெரியப்பா சினிமாக் கச்சேரிகளை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கமாட்டார்; விரல்களில் கூடு போட்ட கை தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விழுவதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) மட்டும் விதிவிலக்கு. அதில் தவில்காரர் முத்துராக்காக வரும் பாலையா வாசிக்கும் கையைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. “நாயனக்காரர் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பார், அவன் தவில்காரன்” என்பார். அந்த நாயனம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. ‘நலந்தானா’ பாட்டில் பத்மினி கேட்க, சிவாஜி கலங்க, இருவருக்கும் நடுவில் நடப்பது அத்தனையும் தெரிந்தவராகப் பக்கத்தில் பாலையா. அந்தப் பாட்டு வரும்போது நான் சிவாஜியைப் பார்ப்பதை விட்டுப் பல வருடங்களாகின்றன.

கோவை வாசகர்:
நான் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதரை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. ‘ஒரு நாள் போதுமா’ பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகப் பெயர்கள் வரிகளுக்குள்ளேயே ஒளிந்து வரும். பாலையா வாயசைப்பதோடு நிற்கவில்லை. தன் குரலைத் தானே ரசித்து, சபையில் யார் மயங்கினார்கள் என்று ஓரக்கண்ணால் கணக்கெடுக்கிறார். இப்படிப்பட்ட வித்வான்களை நான் மேடையிலேயே பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். திருச்சிக்காரர் சொல்லும் கேட்கும் நடிப்பு இதே படத்தில் பின்னால் வருகிறது. விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் அந்த கர்வம் இருந்த இடம் தெரியாமல் போகிறது. ஊரை விட்டுக் கிளம்ப அவருக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

மதுரை வாசகர்:
எல்லாம் சரி, ஆனால் கேட்கும் நடிகர் என்று அவரை ஒரு சிமிழுக்குள் அடைக்காதீர்கள். ‘தூக்குத் தூக்கி’ (1954) சேட்டு வேடத்தில் வடநாட்டு வாடையோடு அவர் பேசும் தமிழைக் கேட்டவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அங்கே முழுக்கப் பேச்சுதான். இன்று அந்த வேடம் எனக்குச் சற்று உறுத்தலாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தெருவில் சேட்டுப் பிள்ளைகளைக் கேலி செய்ய அந்தக் குரல் எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது.

எனக்குப் பிடித்தது ‘பாமா விஜயம்’ (1967). மூன்று மருமகள்களின் ஆடம்பரத்தை நடுவீட்டில் நின்று பார்க்கும் மாமனார். ‘வரவு எட்டணா, செலவு பத்தணா’ பாட்டை அப்பா மாதக் கடைசியில் அம்மா காதில் விழும்படி முணுமுணுப்பார். அம்மா பதிலுக்கு அவருடைய சிகரெட் கணக்கை எடுப்பார்.