அம்மா அப்பாவுக்குத் தனியார் லாப்பில் புற்றுநோய்ப் பக்கேஜ் செய்யலாமா?

கொக்குவில் மகள்:
வணக்கம். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பியிருக்கிறார். டவுனில் ஒரு லாப்பில் “முழு உடல் புற்றுநோய்ப் பரிசோதனை” என்று பக்கேஜ் இருக்கிறதாம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செய்துவிடு என்கிறார். விவரத் துண்டை வாங்கிப் பார்த்தேன். புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருட்களை அளக்கும் பரிசோதனைகளாம்: சிஇஏ, ஏஎஃப்பி, சிஏ 19-9, அம்மாவுக்கு சிஏ 125, அப்பாவுக்கு புரஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ, கூடவே வயிற்று ஸ்கான். அம்மாவுக்கு 61, அப்பாவுக்கு 66, இருவருக்கும் சொல்லும்படி ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் போன வருடம் சித்திக்கு மார்பில் புற்றுநோய் வந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போனேன், அன்றிலிருந்து மனதில் பயம் இருக்கிறது. இந்தப் பரிசோதனைகளால் உண்மையில் பிரயோசனம் உண்டா?

சுன்னாகம் அக்கா:
நான் செய்தேன் தங்கச்சி, அதனால்தான் எழுதுகிறேன். 44 வயதில், ஒரு வருத்தமும் இல்லாமல். 35க்குள் இருக்க வேண்டிய சிஏ 125 எனக்கு 78. அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, அதைப் பார்த்துப் பார்த்தே இரவுகள் போயின. கொழும்புக்கு இரண்டு தரம் ரயில் ஏறி, ஸ்கான், எம்ஆர்ஐ எல்லாம் எடுத்த பிறகுதான் கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. மாதவிடாய் நாட்களிலும் அந்த அளவு கூடுமாம். நான் ரத்தம் கொடுத்தது அந்த நாட்களில்தான், லாப்பில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

பழைய மிட்வைஃப்:
பிள்ளை, அந்தத் துண்டில் இருக்கிற ரத்தப் பரிசோதனைகளை டாக்டர்மார் பெரும்பாலும் எடுப்பது நோய் வந்தவருக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க. சுகமாக இருப்பவருக்கு எடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாற்றும். புகை பிடிப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமலே சிஇஏ கூடலாம். நோய் தொடங்கிய ஒருவருக்கு எல்லாம் சரி என்றும் வரலாம், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார், அதுதான் எனக்குப் பெரிய பயம். பிரிட்டனில் 2 இலட்சம் பெண்களை வைத்து சிஏ 125 பற்றிப் பெரிய ஆய்வு செய்து 2021இல் முடிவு சொன்னார்கள்: அந்தப் பரிசோதனையால் சூலகப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை.

அம்மாவை சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, உங்கள் சித்தியின் கதையைச் சொல்லி, மமோகிராம், அதாவது மார்பகத்தைப் பார்க்கும் எக்ஸ்ரே, எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது அந்தப் பக்கேஜில் இல்லவே இல்லை, கவனித்தீர்களா? உங்களுக்கு 35 கடந்திருந்தால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, 35இலும் 45இலும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பும் பார்ப்பார்கள், ஒரு சதமும் வேண்டாம். 1996இல் தொடங்கியது, இன்னும் எங்கள் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறார்கள்.

அப்பா வெற்றிலை போடுகிறவரா? இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அதற்கு ஊசி குத்தத் தேவையில்லை, வெளிச்சத்தில் இருத்தி வாயைத் திறந்து பார்த்தால் போதும்.

ஏழாலை மருமகன்:
ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். என் மாமாவுக்கு பிஎஸ்ஏயில்தான் பிடிபட்டது, இன்றைக்குத் தோட்டத்தில் வெங்காயம் நடுகிறார்.

பழைய மிட்வைஃப்:
சந்தோஷம் தம்பி, அவர் நல்லாயிருக்கட்டும். அது ஒன்றை மட்டும் டாக்டரோடு கதைத்துவிட்டு எடுக்கலாம். வயதானால் புரஸ்டேட் சுரப்பியில் வரும் சாதாரண வீக்கத்திலும் சலத்தில் கிருமி வந்தாலும்கூட பிஎஸ்ஏ ஏறும், ஏறினால் அடுத்தது என்ன செய்வது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும்.

கொக்குவில் மகள்:
அன்ரி, அப்பா புகையிலையை விட்டு 10 வருடம், வெற்றிலையும் பாக்கும் மட்டும்தான். அதுவுமா?

பழைய மிட்வைஃப்:
அதுவும்தான். வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. கன்னத்தை விரலால் இழுத்து உள்ளே பாருங்கள், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்று. பிறகு அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள், மூன்றும் நுழையாவிட்டால் வாய் சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

கொக்குவில் மகள்:
இன்று காலை விறாந்தையில் அப்பாவைக் கதிரையில் இருத்தி, போன் லைட் அடித்துப் பார்த்தேன். இடது கன்னம், வெற்றிலை ஒதுக்கும் பக்கம், உள்ளே வெளிறி, தொட்டால் நார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. இரண்டு விரல்தான் நுழைந்தது. சில மாதமாகக் குழம்பு உறைக்கிறது என்று தயிர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார், நாங்கள் அம்மாவின் மிளகாய்த்தூளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.

பழைய மிட்வைஃப்:
நல்லது பிள்ளை. பயப்படாதீர்கள், இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் அதற்கு முந்தின நிலையாக இருக்கலாம், பல் டாக்டர் பார்த்துத் தேவையென்றால் வாய் முகச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார். வெற்றிலை பாக்கை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கொக்குவில் மகள்:
வெற்றிலைத் தட்டத்தை அம்மா ஏற்கனவே எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டா. மமோகிராமுக்கும் சம்மதித்துவிட்டா. அண்ணாவுக்கு போன் எடுத்து, லாப்புக்குப் போகவில்லை, காசு அப்படியே இருக்கிறது என்று சொன்னேன்.