கண்ட்ரோல் எஸ் சில நேரம் வேலை செய்வதில்லை, கண்ட்ரோல் ஓ வரியை உடைக்கிறது – டிகின்டர் உதவி தேவை

குறிப்பேடு

வணக்கம். பைதான் நிரல்மொழியில் டிகின்டர் (சாளரம், மெனு எல்லாம் வைத்துச் செயலி செய்ய உதவும் தொகுப்பு) வைத்து, குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு சின்னச் செயலி செய்து கொண்டிருக்கிறேன். விண்டோஸ் கணினி. நடுவில் எழுதுவதற்கு ஒரு டெக்ஸ்ட் விட்ஜெட் (சாளரத்துக்குள் வைக்கும் உறுப்பு), மேலே மெனு, கீழே தேடுவதற்கு ஓர் என்ட்ரி பெட்டி, அவ்வளவுதான். மவுஸால் மெனுவைச் சொடுக்கினால் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது. விசைப்பலகைக்கு வந்தால்தான் தொல்லை.

கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் பெரும்பாலும் கோப்பு சேமிக்கப்படுகிறது, ஆனால் திடீரென்று சில நேரம் அழுத்த அழுத்த ஒன்றும் நடக்காது, கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே சரியாகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கண்ட்ரோல் ஓ அழுத்தினால் கோப்பு திறக்கும் டயலாக் வருகிறது, சரி, ஆனால் வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டுத் திரும்பினால் கர்சர் நின்ற வரி இரண்டாக உடைந்து கிடக்கிறது. எஃப்5க்கு நோட்பேடில் இருப்பது போல நேரமும் தேதியும் வர வேண்டும் என்று வைத்தேன், அது ஒருநாளும் வேலை செய்ததே இல்லை, அதே ஃபங்ஷனை மெனுவிலிருந்து கூப்பிட்டால் உடனே வருகிறது.

இன்னொன்று, இது விசைப்பலகைக்குத் தொடர்பானதா தெரியவில்லை: நாலு நாள் பயன்படுத்திய கோப்புகளின் கடைசியில் காலி வரிகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

எல்லா விசைகளையும் ரூட் சாளரத்தில்தான் (செயலியின் முதன்மைச் சாளரம்) பைண்ட் செய்திருக்கிறேன், அதாவது இன்ன விசைக்கு இன்ன ஃபங்ஷன் என்று இணைத்திருக்கிறேன். மெனுவில் விசையின் பெயரைக் காட்டும் ஆக்சிலரேட்டரும் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

சாளரக்காரன்

ரூட்டில் பைண்ட் செய்வதுதான் தப்பு. ஃபோகஸ் (அடிக்கும் விசைகளை வாங்கும் இடம்) டெக்ஸ்ட் பெட்டியில் இருக்கும்போது விசை அங்கேதான் போகும். மூன்றையும் டெக்ஸ்ட் விட்ஜெட்டிலேயே பைண்ட் செய்து பாருங்கள், சரியாகிவிடும்.

குறிப்பேடு

செய்து பார்த்தேன், இப்போது இன்னும் மோசம். முன்பு ரத்து செய்தால் மட்டும்தான் வரி உடையும். இப்போது ஒழுங்காக ஒரு கோப்பைத் திறந்தாலும் அந்தக் கோப்பின் கடைசியில் புதிதாக ஒரு காலி வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது! எஃப்5 அப்படியே ஊமையாக இருக்கிறது.

க்யூட்டிக்காரன்

பேசாமல் டிகின்டரை விட்டுவிட்டு க்யூட்டி என்ற இன்னொரு தொகுப்புக்கு மாறிவிடுங்கள். இதெல்லாம் அங்கே கிடையாது.

பழையபூனை

க்யூட்டி பற்றிப் பிறகு பேசலாம். குறிப்பேடு, நீங்கள் கடைசியாகச் சொன்ன "இன்னும் மோசம்" என்பதுதான் நல்ல துப்பு, அதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகேயில் ஒரு விசையை அழுத்தினால் அது ஒரே இடத்துக்குப் போய் முடிவதில்லை. நான்கு வாசல் தாண்டிப் போகிறது. முதலில் ஃபோகஸ் உள்ள அந்த விட்ஜெட், அடுத்து அந்த விட்ஜெட்டின் வகுப்பு (அதே வகை விட்ஜெட்டுகளுக்கெல்லாம் பொதுவானது, உங்களுக்கு டெக்ஸ்ட் வகுப்பு), மூன்றாவது அது இருக்கும் சாளரம், கடைசியில் "ஆல்" என்கிற பொது வாசல். இந்த வரிசைக்குப் பெயர் பைண்ட்டேக்ஸ். ஒவ்வொரு வாசலிலும் அந்த விசைக்கு யாராவது காத்திருந்தால் அவர் வேலை நடக்கும், பிறகு விசை அடுத்த வாசலுக்குப் போகும். யாராவது நிறுத்தினால்தான் நிற்கும்.

இப்போது கண்ட்ரோல் ஓவை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் வகுப்பு பிறக்கும்போதே அந்த விசைக்கு ஒரு வேலை வைத்திருக்கிறது: கர்சர் இருக்கும் இடத்தில் ஒரு புதுவரியைச் செருகு, கர்சரை மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே விடு. இது ஈமேக்ஸ் என்ற பழைய உரை எடிட்டரின் பழக்கம். டிகே 1991 வாக்கில் யூனிக்ஸ் உலகத்தில் வெளியானது, அந்தக் காலத்து ஆட்களின் விரலுக்கு ஏற்ற விசைகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. கண்ட்ரோல் டி அடுத்த எழுத்தை அழிக்கும், கண்ட்ரோல் கே வரிக் கடைசி வரை அழிக்கும், கண்ட்ரோல் டீ (முன்பு சொன்ன டி அல்ல, ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து!) பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை இடம் மாற்றும், கண்ட்ரோல் ஐ ஒரு டேப் வைக்கும். இந்த எழுத்துகளில் எதையாவது உங்கள் செயலிக்கு ஷார்ட்கட்டாக வைத்தால் இதே கதைதான்.

நீங்கள் ரூட்டில் பைண்ட் செய்தபோது உங்கள் ஆள் மூன்றாவது வாசலில் நின்றார். அதற்குள் இரண்டாவது வாசலில் புதுவரி விழுந்துவிட்டது. கோப்பைத் திறந்திருந்தால் பழைய உரை மொத்தமும் அழிந்து புதியது வருவதால் அந்தப் புதுவரி கண்ணுக்குத் தெரியவில்லை, ரத்து செய்தால் மட்டும் மாட்டிக்கொண்டது. டெக்ஸ்ட் விட்ஜெட்டுக்கு மாற்றியதும் உங்கள் ஆள் முதல் வாசலுக்கு வந்துவிட்டார், அதனால் கோப்பு முதலில் திறந்தது, அப்புறம் வகுப்பு தன் வேலையைச் செய்தது, அதாவது இப்போதுதான் திறந்த கோப்பில் கர்சர் நின்ற இடத்தில், கடைசியில், புதுவரி. சாளரக்காரன் சொன்ன இடம் சரிதான், பாதி வைத்தியம்.

மீதிப் பாதி: உங்கள் ஃபங்ஷன் முடியும்போது "பிரேக்" என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள், சரமாக, திருப்பித் தர வேண்டும். லூப்பில் போடும் பிரேக் அல்ல. அது வந்தால் டிகே அடுத்த வாசல்களுக்கு விசையை அனுப்பாது. இதை ரூட்டில் செய்து பயனில்லை, வகுப்பு அதற்கு முன்பே ஓடிவிடும்.

எஃப்5க்கு ஒரு கேள்வி. செயலியைக் கன்சோல் இல்லாமல் ஓட்டுகிறீர்களா?

குறிப்பேடு

ஆமாம், கோப்பின் பெயர் பிஒய்டபிள்யூ என்று முடியும். கறுப்புச் சாளரம் வந்து நிற்பது பிடிக்கவில்லை.

பழையபூனை

அதனால்தான் ஊமையாக இருக்கிறது. மெனு உங்கள் ஃபங்ஷனை வெறுங்கையோடு கூப்பிடும். பைண்ட் கூப்பிடும்போது ஈவென்ட் என்று ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கூப்பிடும். வாங்கிக்கொள்ள இடம் இல்லாத ஃபங்ஷன் டைப் எரர் என்று கத்தும், ஆனால் அந்தக் கத்தல் போய்ச் சேர வேண்டிய கன்சோலே இல்லை. செய்து முடிக்கும் வரை சாதாரண பிஒய் கோப்பாகவே ஓட்டுங்கள். ஃபங்ஷனில் ஈவென்ட் என்று ஒரு பாராமீட்டர் வைத்து அதற்கு இயல்பு மதிப்பாக நன் (None, பைதானில் "எதுவும் இல்லை" என்ற மதிப்பு) கொடுத்துவிட்டால் மெனுவும் விசையும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடலாம்.

மெனுவில் கொடுத்த ஆக்சிலரேட்டரை நம்பி இருக்க வேண்டாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அது மெனுவின் வலது ஓரத்தில் தெரியும் வெறும் எழுத்து. அதில் எதை எழுதினாலும் எந்த விசையும் அதனால் உயிர் பெறாது.

கண்ட்ரோல் எஸ்ஸுக்கு ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். ரூட்டில் "கீ" ஈவென்டைப் பைண்ட் செய்து, வரும் ஈவென்டின் விட்ஜெட், கீசிம் (விசையின் பெயர்), கீகோட் (விசையின் எண்), ஸ்டேட் (கூடவே எந்தக் கட்டுப்பாட்டு விசைகள் இயங்குகின்றன என்பது) நான்கையும் அச்சிடுங்கள். அடுத்த முறை எஸ் முரண்டு பிடிக்கும்போது என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

குறிப்பேடு

எஃப்5 வந்துவிட்டது! நீங்கள் சொன்னது போல டைப் எரர்தான். இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்திருக்கிறது பாவம்.

பிரேக் போட்ட பிறகு கோப்பு திறக்கும்போது காலி வரி வருவதில்லை. ஆனால் ரத்து செய்தால் இன்னும் வரி உடைகிறது, பழைய நோய் பாதி அப்படியே இருக்கிறது.

கண்ட்ரோல் எஸ் சற்று முன் மாட்டியது. கீசிம் பெரிய எஸ், கீகோட் 83, ஸ்டேட் 14. வேலை செய்யும்போது சின்ன எஸ், 83, 12.

பழையபூனை

ரத்து விஷயம்: உங்கள் ஃபங்ஷனில் "கோப்பின் பெயர் காலியாக இருந்தால் ரிட்டர்ன்" என்று நடுவில் ஒரு வரி இருக்குமே? அந்த ரிட்டர்ன் வெறுமையாக இருக்கிறது. வெளியேறும் எல்லா வழியிலும் பிரேக் வர வேண்டும். இதற்கென்று ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி, அதற்குள் திறக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, கடைசி வரியில் பிரேக்கைத் திருப்பித் தருவது சுத்தம்.

ஸ்டேட் என்பது கூட்டுத்தொகை. ஷிஃப்ட் 1, கேப்ஸ் லாக் 2, கண்ட்ரோல் 4, விண்டோஸில் நம் லாக் (Num Lock, எண் விசைகளுக்கான பூட்டு) 8. உங்கள் 12 என்பது கண்ட்ரோலும் நம் லாக்கும். 14 என்றால் கூடவே கேப்ஸ் லாக் எரிகிறது.

குறிப்பேடு

அட! தலைப்புகளை எல்லாம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்தான் அடிப்பேன், அடித்துவிட்டுக் கேப்ஸ் லாக்கை அணைக்காமலே சேமிக்கப் போவேன். "அதுவாகவே சரியாகிவிடும்" என்று சொன்னது இதைத்தான். அப்படியென்றால் பெரிய எஸ்ஸுக்கும் ஒரு பைண்ட் போட்டுவிட்டால் போதுமா?

பழையபூனை

போடலாம், ஆனால் பின்னால் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்ஸை "வேறு பெயரில் சேமி" என்று வைக்க ஆசை வரும், அப்போது சிக்கும். ஷிஃப்ட் பிடித்தாலும் பெரிய எஸ்தான் வரும் இல்லையா. டிகே தன் சொந்த வெட்டு, நகல், ஒட்டு விசைகளுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தால், சின்ன எக்ஸோடு கண்ட்ரோல் ஒன்று, "கண்ட்ரோல் லாக்" என்று சேர்த்துப் பெரிய எக்ஸோடு இன்னொன்று என இரண்டாக வைத்திருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: கண்ட்ரோல்-சின்ன எஸ், கண்ட்ரோல்-லாக்-பெரிய எஸ் இரண்டும் சேமிப்புக்கு; கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பெரிய எஸ் மற்றதற்கு.

க்யூட்டிக்காரன்

க்யூட்டியில் ஷார்ட்கட்டுக்குக் கண்ட்ரோல் எஸ் என்று எழுதினால் கேப்ஸ் லாக் இருந்தாலும் வேலை செய்யும், மெனுவில் போட்ட ஆக்‌ஷன் விசையையும் சேர்த்தே தரும். சும்மா சொல்லவில்லை.

பழையபூனை

அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே விசையை மெனு ஆக்‌ஷனுக்கும் கொடுத்துத் தனியாக க்யூ ஷார்ட்கட்டும் வைத்துவிட்டு, "ஆம்பிகுவஸ் ஷார்ட்கட்" என்று ஒரு வரி மட்டும் கன்சோலில் வந்து இரண்டுமே வேலை செய்யாமல் போக, அரை நாள் தேடிய ஆள் நான். அங்கேயும் ஃபோகஸ் உள்ள விட்ஜெட்டிடம் "இந்த விசை உனக்கு வேண்டுமா" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஷார்ட்கட்டுக்குப் போகும். வாசல்கள் வேறு, வரிசை என்று ஒன்று அங்கேயும் உண்டு.

குறிப்பேடு

மூன்றும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. ஆனால் காலி வரி வளர்வது நிற்கவில்லை. கண்ட்ரோல் ஓவைத் தொடாமல் மெனுவிலேயே திறந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் சேமித்து, மறுபடி திறந்தால் ஒரு வரி கூடியிருக்கிறது.

சாளரக்காரன்

இது எனக்குத் தெரியும், முந்தைய பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்லிவிடுகிறேன். சேமிக்கும்போது டெக்ஸ்டிலிருந்து "1.0" முதல் "எண்ட்" வரை எடுக்கிறீர்களா? டெக்ஸ்ட் விட்ஜெட் எப்போதும் கடைசியில் தன் கணக்கில் ஒரு புதுவரி வைத்திருக்கும், எண்ட் வரை கேட்டால் அதையும் சேர்த்துத் தந்துவிடும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒன்று கூடும். எண்ட் என்பதற்குப் பதில் எண்ட், கழித்தல் குறி, ஒன்று, அப்புறம் சி என்ற எழுத்து, இப்படி ஒட்டி எழுதினால் கடைசி ஓர் எழுத்தை விட்டுவிட்டு எடுக்கும்.

குறிப்பேடு

அதேதான்! நின்றுவிட்டது.

அரைநிலவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கண்ட்ரோல் எஸ் தகராறுதான், ஆனால் கேப்ஸ் லாக் இல்லை. லினக்ஸ். தமிழ் விசைப்பலகைக்கு மாறியிருக்கும்போது மட்டும் டிகின்டர் செயலியில் எந்தக் கண்ட்ரோல் விசையும் வேலை செய்யவில்லை, நகல் எடுப்பது ஒட்டுவது உட்பட. ஆங்கிலத்துக்கு மாற்றினால் உடனே சரி. மேலே சொன்ன அச்சிடும் சோதனையைச் செய்தேன், கீகோட் இரண்டு நேரமும் 39, கீசிம் மட்டும் தமிழில் வேறு ஏதோ.

பழையபூனை

நல்லது, பாதி விடை உங்களிடமே இருக்கிறது. தமிழை ஒரு விசைப்பலகை அமைப்பாகவே, அதாவது எக்ஸ்கேபி லேஅவுட்டாக, சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது அந்த விசையின் பெயரே தமிழ் எழுத்தாகிவிடுகிறது, எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பைண்ட் அதை அடையாளம் கண்டுகொள்ளாது. ரஷ்ய மொழிக்காரர்களும் டிகின்டரில் இதையே புலம்புவார்கள். ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ் அடித்தால் அடியில் ஆங்கில அமைப்பே இருக்கும், பொதுவாக இந்தத் தொல்லை வராது.

செயலிக்குள்ளேயே தீர்க்க வேண்டும் என்றால், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். "கண்ட்ரோல்-கீ" என்று பொதுவாக ஒரு பைண்ட் வைத்து, உள்ளே கீகோட் 39 என்றால் சேமி, 32 என்றால் திற. விண்டோஸில் அதே எஸ் 83, ஓ 79. நகலுக்கும் ஒட்டுவதற்கும் நீங்களே எதுவும் எழுத வேண்டாம், ஈவென்ட் ஜெனரேட் மூலம் "காப்பி", "பேஸ்ட்" என்ற மெய்நிகர் ஈவென்டுகளைக் கிளப்பிவிட்டால் விட்ஜெட் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். ஆனால் கீசிம் தமிழாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் இருக்கும்போது வகுப்பும் ஒருமுறை ஒட்டும், நீங்களும் ஒருமுறை ஒட்டுவீர்கள்.

லினக்ஸில் இந்த எண் விசையின் இடத்தைக் குறிப்பது, எழுத்தை அல்ல. எஸ் வேறு இடத்தில் இருக்கும் டுவோராக் போன்ற அமைப்பு வைத்திருப்பவருக்குத் தப்பான விசை சேமிக்கும். பெயரில் கிடைத்தால் பெயர், கிடைக்காவிட்டால் எண் என்று வையுங்கள்.

அரைநிலவு

சேமிப்பும் திறப்பும் வந்துவிட்டன. ஒட்டுவது நீங்கள் சொன்னது போலவே முதலில் இரண்டு முறை ஒட்டியது, கீசிம் சோதனை சேர்த்ததும் ஒன்றாகிவிட்டது.

குறிப்பேடு

கடைசியாக ஒன்று. தேடலை என்ட்ரி பெட்டியிலிருந்து எடுத்துத் தனிச் சாளரமாக வைத்தேன், அது முன்னால் இருக்கும்போது எஃப்5 வேலை செய்யவில்லை. எல்லாச் சாளரத்துக்கும் சேர்த்துப் பைண்ட் ஆல் போட்டுவிடட்டுமா?

பழையபூனை

தனிச் சாளரம் என்றால் மூன்றாவது வாசல் அந்தச் சாளரம், ரூட் அல்ல; முதல் வாசலும் உங்கள் டெக்ஸ்ட் விட்ஜெட் அல்ல, அதனால்தான். பைண்ட் ஆல் போட்டால் வேலை செய்யும். ஆனால் தேடல் பெட்டியில் நின்றுகொண்டு எஃப்5 அடித்தால் பின்னால் இருக்கும் குறிப்பில் தேதி விழும், அது உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேடு

வேண்டாம். அப்படியே விட்டுவிடுகிறேன்.