கண்ட்ரோல் சரி, ஃப்ரீ பீட்டா மட்டும் ஏறுகிறது: எங்கே தேடுவது?

கேள்வி (தண்டையார்பேட்டை லேப்)

டபுள் மார்க்கரில் (கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில், கருவுக்கு குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை) மார்ச் வரை ஃப்ரீ பீட்டா எச்சிஜி, பாப்-ஏ என்ற இரண்டு மார்க்கருக்கும் மாத மீடியன் எம்ஓஎம் (அந்தக் கர்ப்ப வாரத்தின் வழக்கமான நடு அளவைப் போல எத்தனை மடங்கு) 1.0-ஐ ஒட்டியே நின்றது. மே மாதம் ஃப்ரீ பீட்டா எச்சிஜி 1.17, பாப்-ஏ 1.01. கிட் கண்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனைத் திரவம்) எல்லா லெவலும் 2 எஸ்டிக்குள், அதாவது ஏற்கும் வரம்புக்குள். ஹை ரிஸ்க் ரிப்போர்ட் கூடிவிட்டது. திருவொற்றியூர், எண்ணூர் சென்டர்களில் காலையில் எடுக்கும் ரத்தம் மாலை பைக்கில் வருகிறது. பல நாள் மறுநாள்தான் சென்ட்ரிஃப்யூஜ். மெஷினா, கிட்டா, சாம்பிளா?

பதில் 1

சாம்பிளைத்தான் முதலில் பாருங்கள். ரத்தத்தில் முழு எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன்தான் மிக அதிகம். ஃப்ரீ பீட்டா, அதாவது தனியாக இருக்கும் அதன் பீட்டா பகுதி, அதில் சுமார் நூறில் ஒரு பங்கு. வெயிலில் முழு மூலக்கூறு கொஞ்சம் பிரிந்தாலே ஃப்ரீ பீட்டா கணிசமாக ஏறிவிடும். பாப்-ஏ அப்படி ஏறாது. கண்ட்ரோல் உங்கள் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே போவதே இல்லை, எண்ணூர் ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் நின்ற பையின் சூடு அதற்கு எப்படித் தெரியும்?

எடை தவறாகப் பதிவானால் இரண்டு மார்க்கரும் ஒரே பக்கம் நகரும். வாரக் கணக்கு தவறினால் எதிரெதிராக நகரும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

மீடியனை சென்டர் வாரியாகப் பிரியுங்கள். பிறகு சம்மதம் வாங்கி, பத்துப் பேரிடம் இரண்டிரண்டு ஜெல் ட்யூப்: ஒன்றை 30 நிமிடம் உறையவிட்டு அங்கேயே சுழற்றி, சீரத்தைப் பிரித்து 2–8 டிகிரியில் அனுப்புங்கள். மற்றது வழக்கமான வழியில் வரட்டும். இரண்டையும் ஒரே ரன்னில் போடுங்கள்.

பதில் 2

ஏப்ரலில் ரீஏஜென்ட் லாட் (கிட் ரசாயனத்தின் தயாரிப்புத் தொகுதி) மாறியதா? பழைய லாட் மிச்சமிருந்தால் இருபது பேஷன்ட் சீரத்தை இரண்டிலும் ஓட்டுங்கள். கண்ட்ரோல் திரவம் புது லாட்டில் பேஷன்ட் சீரம் போலவே நடக்கும் என்று நம்ப முடியாது.

கேட்டவர்

லாட் மாறவில்லை. சென்டர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: ஃப்ரீ பீட்டா தண்டையார்பேட்டையிலேயே எடுத்தது 1.02, எண்ணூர் 1.31. மீடியனைத் திருத்திவிடலாமா?

பதில் 1

தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு ட்யூபும் எவ்வளவு சூடு பட்டது என்று தெரியாமல் எதால் வகுப்பீர்கள்? டிரைசோமி 18-ல் (18-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கோளாறு) ஃப்ரீ பீட்டா குறைவாக இருக்க வேண்டும். சூடு அதைத் தூக்கிவிட்டால் அந்தக் கர்ப்பம் லோ ரிஸ்க் என்று தப்பிப் போய்விடும். அதனால் ஹை ரிஸ்க் வந்தவர்களை மட்டும் கூப்பிட்டால் போதாது. எண்ணூர் சாம்பிள் அனைத்திலும், சிஆர்எல் (ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையான நீளம்) இன்னும் இந்தப் பரிசோதனையின் வரம்பான 84 மில்லிமீட்டர் தாண்டாதவர்களிடம் இந்த வாரமே மறுபடி ரத்தம் எடுங்கள். தாண்டியவர்களுடைய டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். என்ஐபிடியா (தாயின் ரத்தத்தில் டிஎன்ஏ சோதனை), அம்னியோவா (பனிக்குட நீர் சோதனை) என்று அவர் முடிவு செய்யட்டும்.

பதில் 3

ரிஸ்க் கணக்கில் சேரும் என்டி (ஸ்கேனில் கருவின் பிடரியில் தெரியும் நீர் அடுக்கின் தடிமன்) எம்ஓஎம்மையும் சோனாலஜிஸ்ட் (ஸ்கேன் டாக்டர்) வாரியாகப் போடுங்கள். 0.9-க்குக் கீழே ஒருவர் நின்றால், காலிப்பர் (திரையில் அளக்கும் குறி) அந்த அடுக்கின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே விழுகிறதா, படம் போதுமான அளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தவறு ரத்தப் பக்கம் எதிலும் தெரியாது.