கிசா புது அருங்காட்சியகம்: அம்மாவோடு ஒரு நாள் போதுமா?

அம்மாவுடன் கெய்ரோ போகிறேன். கிசாவில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு ஒரே நாள்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, பெரிய படிக்கட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது? மம்மிகளும் அங்கேதானா?

பதில்: தம்பி, படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நகரும் பாதை இருக்கிறது, கவலை வேண்டாம். வாசல் மண்டபத்தில் 11 மீட்டர் உயர இரண்டாம் ராம்சேஸ் என்ற பழைய எகிப்திய அரசனின் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக, சிறு வயதிலேயே அரசனான துட்டன்காமன் கூடத்துக்குப் போங்கள். 1922இல் அவன் கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருட்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் தங்க முகமூடி முன்னால்தான் நெரிவார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது அவன் சிறுவனாக உட்கார்ந்த குட்டி நாற்காலி. மடக்குக் கட்டிலையும் செருப்புகளையும் தேடிப் பாருங்கள். அரசன் என்பது மறந்து, பத்தொன்பது வயதில் இறந்த பையன் ஒருவன் தெரிவான். அம்மாக்களுக்கு அது சட்டென்று புரியும்.

பதில்: அரச மம்மிகள் அங்கே இல்லை. 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை ஊர்வலமாக கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். துட்டன்காமன் உடல் தெற்கே லக்சர் நகரில், அவன் கல்லறையிலேயே.

பதில்: பெரிய பிரமிடைக் கட்டிய அரசன் கூஃபுவின் படகை விட்டுவிடாதீர்கள், அதே வளாகத்தில் தனிக் கட்டடம். 1954இல் அந்தப் பிரமிடின் அருகே துண்டு துண்டாகக் கிடைத்த தேவதாரு மரப் படகு, சுமார் 43 மீட்டர் நீளம். கயிற்றால் கட்டிச் சேர்த்தது!

நன்றி அண்ணா, எல்லோருக்கும். காலையிலேயே துட்டன்காமன், மதியம் படகு. ஃபுஸ்தாத்துக்கு இன்னொரு நாள் ஒதுக்குகிறேன்.