நிலநடுக்கத்தில் சாயாமலிருக்க, கேஸ் தோம்புக்கு (சிலிண்டருக்கு) சங்கிலி ஒன்றா இரண்டா?

பழைய கங்காணி: நேற்று இங்கே செம்மண் எழுதியது இது: “நாம மலேசியாக்காரங்க சுந்தா என்ற நிலத்தட்டின் நடுவுல இருக்கோம், விளிம்புல இல்ல. 24 ஆகஸ்ட் 2025 ஜொகூர் சிகாமட்டில் வந்த நிலநடுக்கம் வெறும் 4.1. ரொம்பப் பயமா இருந்தா கேஸ் தோம்பைப் படுக்க வச்சிட்டுத் தூங்குங்க.”

கடைசி வரியை நம்பி நாலு பேர் செஞ்சா என்ன ஆகும்? தோம்பு நிமிர்ந்து நின்றால் அடியில் திரவம், மேலே ஆவி. ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்தது. படுக்க வச்சா திரவமே குழாய்க்குள் ஏறும். ஒரு பங்கு திரவம் வெளியே வந்ததும் சுமார் 250 பங்கு ஆவியாக விரியும். அடுப்பில் நீலம் போய் மஞ்சளாக எழும்பும். அழுத்தம் விடும் வால்வும் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும், அது திறந்தால் ஆவிக்குப் பதில் திரவம் பீய்ச்சும்.

நிமிர்த்தி வைங்க. ரெண்டு சங்கிலி: தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒன்று, 15 செ.மீ. உயரத்தில் ஒன்று. ரெண்டு. ஒன்று இல்ல.

செம்மண்: படுக்க வைங்கன்னது கிண்டல். கிண்டல் புரியாதவங்களுக்கு அடுத்த தடவை மணி அடிச்சிட்டு எழுதுறேன். ஆனா ரெண்டு சங்கிலி எங்கிருந்து வந்தது? 14 கிலோ தோம்பு சுமார் 60 செ.மீ. உயரம், அடிவளையம் 30 செ.மீ. அகலம். அது சாயணும்னா தரை புவியீர்ப்பில் கிட்டத்தட்டப் பாதி முடுக்கத்தோடு உதறணும். 4.1-க்கு அது நடக்காது. 180 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம் உள்ள உங்க அலமாரி அதில் பாதி உதறலுக்கே சாயும். அதுக்கு ஒரு ஆணி அடிச்சீங்களா?

பழைய கங்காணி: அலமாரி வேற பேச்சு. சங்கிலி ரெண்டு.

தராசு: ரெண்டு பேருமே 4.1-ஐ உதறல் அளவு மாதிரி பேசுறீங்க. அது நிலத்தடியில் வெளியான ஆற்றலின் அளவு. உங்க வீட்டுத் தரை எவ்வளவு ஆடும் என்பதை ஆழம், தூரம், அடிமண் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஒரு எண் கூடினால் ஆற்றல் 32 மடங்கு. 2004 டிசம்பர் 26 சுமத்ரா 9.1; சிகாமட்டோடு ஒப்பிட்டா மூணு கோடி மடங்கு. முதல்ல எந்த அளவைப் பத்திப் பேசுறோம்னு முடிவு பண்ணலாமா?

செம்மண்: மேல் சங்கிலி ஒண்ணே போதும். அது தோம்பின் எடை மையத்துக்கு மேல இருக்கு. சாய விடாது. வேணும்னா கீழே ரப்பர் விரிப்பு.

பழைய கங்காணி: ரப்பர் விரிப்பு! ரப்பர் மரத்தடியிலேயே வளர்ந்த ஊரில் வேற என்ன யோசனை வரும். நம்ம ஊருக்கு நிலநடுக்கம் மட்டும்தான் வருமா? 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச், சிகாமட்டில் வெள்ளம். தோம்பு இரும்பு 15 கிலோ, கேஸ் 14 கிலோ, மொத்தம் 29. கொள்ளளவு 33 லிட்டர், அவ்வளவு தண்ணி 33 கிலோ. அப்ப நிறைஞ்ச தோம்பே மிதக்கும். மேல ஒரு சங்கிலி மட்டும் தொளதொளன்னு இருந்தா தண்ணி அதை அடியோடு தூக்கிச் சாய்க்கும், குழாய் பிடுங்கிக்கும். கீழ்ச் சங்கிலி அதுக்குத்தான்.

செம்மண்: தலைப்பு நிலநடுக்கம். மாட்டிக்கிட்டதும் வெள்ளத்தை இழுக்குறீங்க. செப்டிக் தொட்டி விவாதத்திலும் இதே வேலை.

பழைய கங்காணி: செப்டிக் தொட்டியில நான் சொன்ன குழாய்ச் சரிவுதான் சரி. இன்னிக்கும் சரி.

மரவீட்டுக்காரி: அண்ணே, பழைய லயத்துப் பலகை வீடு. எத்தனை சங்கிலியா இருந்தாலும் எதுல மாட்டுறது?

பழைய கங்காணி: பலகையில மாட்டாதீங்கம்மா, பிளந்துக்கும். பலகை அறைஞ்சிருக்கிற நெட்டுக்கட்டையில கண்ணுள்ள திருகாணி, குறைஞ்சது 5 செ.மீ. கட்டைக்குள்ள இறங்கணும். செங்கல் சுவருன்னா மேல்பூச்சு ரெண்டு செ.மீ. ஒண்ணையும் தாங்காது, பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ள உட்காரணும். பூட்டுப் போடாதீங்க, கையால அவிழ்க்கிற கொக்கி. உங்களுக்கும் ரெண்டு.

செம்மண்: தீப்பிடிச்சா இருட்டுல ரெண்டு கொக்கி அவிழ்க்கணும். பேஷ்.

சுமத்ராக் காற்று: நடுவுல இருக்கோம், பயம் இல்லன்னா சபாவில் ரானாவ்? 5 ஜூன் 2015, 6.0, கினபாலு மலையில் 18 பேர் இறந்துபோனாங்க. அங்கேயும் தட்டு விளிம்பு இல்ல. 2004-க்குப் பிறகு லங்காவி சுமார் 17 செ.மீ. நகர்ந்தது ஜிபிஎஸ்ஸில் பதிவாயிருக்கு. 2007-இல் பகாங்கில் புக்கிட் திங்கி அதிர ஆரம்பிச்சது. பழைய பிளவெல்லாம் முழிச்சிக்கிட்டு வருது.

செம்மண்: பின்னாடி வந்ததெல்லாம் அதனால வந்தது ஆகாது. சேவல் கூவித்தான் பால்மரம் வெட்டப் போறோமா?

சுமத்ராக் காற்று: பூகம்பம்னாலே உங்களுக்குச் சிரிப்பு.

தராசு: நிலநடுக்கம். தமிழ்ச் சொல் இருக்கும்போது பூகம்பம் எதுக்கு?

சுமத்ராக் காற்று: ‘ரெகுலேட்டருக்கு’ முதல்ல தமிழ் கண்டுபிடிங்க ஐயா, அப்புறம் எனக்கு வாங்க.

பழைய கங்காணி: சொல்லாராய்ச்சி அப்புறம். ஆட்டம் நின்றதும் செய்ய வேண்டியதை ஒருத்தரும் எழுதல, நானே எழுதுறேன். கேஸ் வாடை வந்தா விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ரெண்டிலும் பொறி உண்டு. வால்வை மூடு, கதவைத் திற. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஓடிக் கால்வாயில் தேங்கும். அதனால ஜன்னலைவிடக் கதவு முக்கியம். வாடை போனதும் சோப்புத் தண்ணியைக் குழாய் முனையில் தடவிப் பார், கொப்புளம் வந்தா கசிவு. கூரைக்கடியில் இருக்கிற 100 கேலன் தண்ணித் தொட்டி 450 கிலோ, அதைத் தாங்குற மரச்சட்டம் கறையான் தின்றதான்னு இன்னிக்கே ஏறிப் பாருங்க. குடிதண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூணு நாளுக்கு. சங்கிலி ரெண்டு.

செம்மண்: தொட்டி விஷயம் சரிதான், அதை நான்தான் போன வருஷமே சொன்னேன். சங்கிலி ஒண்ணு.

பழைய கங்காணி: எங்க சொன்னீங்க? காட்டுங்க.

செம்மண்: தேடுங்க. உங்களுக்குத்தான் ஓய்வு நேரம் நிறைய.

தராசு: ஆற்றல் அளவா, உதறல் அளவா என்று கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லை.

மரவீட்டுக்காரி: அண்ணே, தோம்பு வெளியில இரும்புக் கூண்டுக்குள்ள இருக்கு. கூண்டு சும்மா தரையிலதான் நிக்குது. அதையும் கட்டணுமா?

பழைய கங்காணி: கூண்டுக்கும் ரெண்டு.